காதைப் பொத்திக்கொண்டு அடித்த ஹார்ன்

போன வாரம் மேடத்தைப் பழைய காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாளாகவா ஒருத்தியை வெயிலில் வேகவிடுவது என்று கோபித்துக்கொண்டவர்கள் பொறுத்தருள வேண்டும். கார் நிழலில்தான் நிற்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது ஒரு டிரைவிங் ஸ்கூல் குடும்பம். ஆரம்பித்தவர் மாமனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர், எல்லோருக்கும் மாஸ்டர். அவர் மகன் ஆபீஸில் உட்கார்ந்து லைசென்ஸ் பாரங்களை நிரப்பிக்கொண்டே இருப்பதால் பாரம் சார். அவன் மனைவிதான் நம் மேடம். பெண்கள் இங்கே தேடி வருவதே அவளிடம் கற்றுக்கொள்ளத்தான்.

மூன்று மாதத்துக்கு முன், ரோடு கிளாஸில், கற்றுக்கொள்ள வந்த பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். மேடத்தின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தாள்தான். ஒரு நொடி தாமதம். ஸ்கூல் வாசலை ஒட்டிய விளக்குக் கம்பம் முந்திக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் நாலு தையல். நல்லவேளை, அவ்வளவோடு போயிற்று. ஆனால் மோதின வேகத்தில் ஹார்ன் மாட்டிக்கொண்டது. பாரம் சார் ஆபீஸிலிருந்து ஓடிவந்து ஒயரை அறுக்கிறவரை அது அலறிக்கொண்டே இருந்தது.

அந்த அலறல் மேடத்தின் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஓடுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. நடுங்குகிற கையை ஃபைலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, ரோடு கிளாஸ் வந்தால் தலைவலி, கால்வலி என்று மாஸ்டரை அனுப்பிவிட்டு, மைதானத்துக்குள்ளேயே முதல் கியரில் காலத்தை ஓட்டுகிறாள். ஹார்னைத் தொட்டே மூன்று மாதம் ஆகிறது.

வீட்டில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால், "நீ வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்பார்கள். பிரியமாகத்தான் சொல்வார்கள். அந்தப் பிரியத்தில் அவளுடைய சீட் போய்விடும். மேடத்தின் பயமெல்லாம் அதுதான்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை தோறும் ஒன்றிலிருந்து இரண்டு வரை, எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், ஆபீஸுக்குப் பின்னால் நிற்கிற பழைய காரில் இந்த ரகசிய உட்காரல். போனில் ஒரு மனநல ஆலோசகர். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான்.

"இன்னிக்கு எங்க இருக்கீங்க?"

"அதே காருதாங்க."

"தனியாத்தானே?"

"ஆமாங்க."

"சாவி?"

"கழட்டி டேஷ்போர்டு மேல வெச்சுட்டேன்."

"காதுல மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டியாச்சுங்க."

"லைன் கட்டாச்சுன்னா கூப்பிடறதுக்கு அதே நம்பர்தானா?"

"அதேதாங்க."

வாரா வாரம் இந்தக் கேள்விகள் வரும். முதல் தடவை மேடத்துக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான் என்ன பாங்க் லாக்கரா, இத்தனை பூட்டு எதுக்கு என்று நினைத்தாள். அப்புறம் ஆலோசகரே சொன்னார். "நேர்ல வந்தீங்கன்னா கதவைச் சாத்தறது என் வேலை. போன்ல உங்க பக்கத்துக் கதவை என்னால சாத்த முடியாதுங்க. நீங்கதான் சாத்தணும். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

ஒரு ஏற்பாடும் செய்திருந்தார்கள். நடுவில் யாராவது வந்துவிட்டால் மேடம், "இந்த வாரம் ஸ்லாட் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். ஆலோசகர் உடனே வண்டி கற்றுக்கொள்ள விசாரிக்கிற அம்மாவாக மாறிவிடுவார்.

எல்லாம் சரி, அந்த நம்பர் விஷயத்தில்தான் மேடம் கோட்டை விட்டிருந்தாள். அவசரத்துக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்று கேட்டபோது, புருஷன் நம்பரைக் கொடுத்தால் அவனிடம் சொல்ல வேண்டும், மாமனார் நம்பரைக் கொடுத்தால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். கண்ணெதிரே கார்க் கதவில் பெயின்டில் எழுதியிருந்த ஸ்கூல் நம்பரைப் பார்த்து வாசித்துவிட்டாள். யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம்.

இரண்டாவது தப்பு சனிக்கிழமை நடந்தது. கத்திக் கத்தி மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இனிமேல் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆபீஸ் ஓரத்துக் கம்பத்தில் ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் ஏறியது. அது வேலை செய்கிறதா என்று தன் போனை இணைத்து, ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தது நம் மேடமேதான். அதற்கு 'மாஸ்டர் தொண்டை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். இணைத்ததைத் துண்டிக்க மட்டும் மறந்துவிட்டாள்.

மத்தியானத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். இன்றைக்கு ஹாஃப் கிளட்ச் சீக்கிரமே வந்துவிட்டாள். பேக்கரியில் வேலை பார்க்கிற நாற்பது வயது அம்மா. கிளட்சை முழுசாக விடவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்காக மாஸ்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மைக்கோடு மைதானத்துக்குப் போனார்.

காருக்குள் இருந்த மேடத்துக்கு அந்தக் குரல் மங்கலாகக் கேட்டது. "ஏம்மா, எட்டுப் போடச் சொன்னா ஏழரையைக் கூட்டிட்டு வர்றியே!"

மேடம் சிரித்துக்கொண்டே ஆலோசகரிடம் திரும்பினாள். இருபது நிமிஷம் நன்றாகப் போயிற்று. நடுக்கம் எப்போது ஆரம்பிக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

திடீரென்று காதில் ஒரு 'டிங்'. அப்புறம் நிசப்தம். காதில் மாட்டியிருந்த ஒயர்லெஸ் இயர்போனுக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"ஹலோ? ஹலோ, கேக்குதுங்களா?"

பதில் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் மைதானத்திலிருந்து ஹார்ன் சத்தம் கிளம்பியது. ஒரு தடவை அடித்து நிற்கிற ஹார்ன் இல்லை. நிற்கவே நிற்காத ஹார்ன்.

மேடத்தின் உடம்பு மொத்தமும் உறைந்துபோனது. அதே சத்தம். ஹாஃப் கிளட்ச் எங்கேயோ மோதிவிட்டாள். ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடக்கிறாள். போன் கைநழுவி சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது; விழுந்த வேகத்தில் லைன் கட்டானது. கதவைத் திறக்கக் கை வரவில்லை. ஆனாலும் திறந்தாள். ஓடினாள்.

மைதானத்தில் எதுவும் மோதியிருக்கவில்லை. எட்டின் நடுவில் வண்டி சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. ஹாஃப் கிளட்ச் வெளியே நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். டிரைவர் சீட்டில் மாஸ்டர். வலது கை ஹார்னில். கண் மட்டும் கம்பத்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா! என்ன பண்றீங்க?"

மாஸ்டர் ஒரு நொடி கையை லேசாகத் தூக்கி, ஸ்பீக்கரிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் முழுசாக எடுத்தார்.

"ஹார்ன் சரியா அடிக்குதான்னு பாத்தேம்மா."

"இப்படியா பாப்பாங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!"

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமனாரிடம் குரலை உயர்த்திவிட்டாள். அதற்குள் ஆபீஸ் வாசலிலிருந்து பாரம் சார் கூப்பிட்டான்.

"இங்க வாயேன். உனக்கு போன்."

உள்ளே போனாள். டிஸ்ப்ளே கூட இல்லாத பழைய மேஜை போன்; ரிசீவரை வைத்துவிட்டிருந்தான்.

"யாரோ ஒரு அம்மா. நீ பத்திரமா இருக்கியான்னு மட்டும்தான் கேட்டாங்க. யாருங்கன்னா, தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்க. பேசிக்கிட்டு இருக்கறப்ப லைன் போயிடுச்சாம். திரும்பக் கூப்பிடச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

ஆலோசகர் எதையும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட. ஆனால் திரும்பக் கூப்பிட நம்பர் எங்கே? அவள் போனில் 'பெயின்ட் கடை' என்ற பெயரில் கிடக்கிறது. போன் காரில் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

பாரம் சார் தானே எண்களை அழுத்தி, ரிசீவரை அவள் கையில் கொடுத்தான். இருந்த பதற்றத்தில் மேடம் வேறெதையும் கவனிக்கவில்லை.

"ஹலோ... இந்த வாரம் ஸ்லாட் இல்லைங்க."

மறுமுனையில் காத்திருந்த ஆலோசகர் நூலிழைகூடத் தடுமாறவில்லை. "அப்படிங்களா? எட்டுப் போட எத்தனை நாள் ஆகும்ங்க?"

"பத்து நாள் ஆகும்ங்க."

"அடி கிடி ஒண்ணும் படலையே?"

"இல்லைங்க."

"பக்கத்துல இருக்கறவங்களால உங்களுக்குத் தொந்தரவா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

மேடம் திரும்பிப் பார்த்தாள். பாரம் சார் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தான்.

"ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்லைங்க."

"சரிங்க. நாலு மணிக்குப் பேசலாம்."

மேடம் போனை வைத்தாள். முகம் தெரியாத ஒருவர், லைன் போன நாலாவது நிமிஷம், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டுத் தேடி வந்திருக்கிறார். அவள் ரகசியத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

காருக்குப் போய்க் குனிந்து போனை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். 'இணைக்கப்பட்டது: மாஸ்டர் தொண்டை'.

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே காதில் குரல் நின்றபோது, அது அங்கே கம்பத்திலிருந்து மைதானத்துக்கே கேட்டிருக்கிறது.

"மேடம், ஏன் கீழ உட்கார்ந்துட்டீங்க?" ஹாஃப் கிளட்ச் தேடி வந்துவிட்டாள்.

"ஸ்பீக்கர்ல... ஏதாவது கேட்டுச்சா?"

அவள் தயங்கினாள். "யாரோ ஒரு அம்மா பேசினாங்க மேடம். கை நடுங்கறதைப் பத்தி ஒரு வரி. யார்கிட்ட, என்னன்னு புரியறதுக்குள்ள மாஸ்டர் என்னை இறக்கிவிட்டு வண்டில ஏறி ஹார்ன்ல கையை வெச்சுட்டாரு. 'காதைப் பொத்திக்கோம்மா, செவிடாயிடுவே'ன்னு கரகரத்தாரு. அவரும் பொத்திக்கிட்டாரு மேடம். ஒரு கை ஹார்ன்ல, ஒரு கை காதுல. இன்னொரு காதைத் தோள்ல வெச்சு அமுக்கிக்கிட்டாரு. பாக்கவே சிரிப்பா இருந்துச்சு."

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

மாஸ்டர் தகர ஷெட்டில், பாதியில் விட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

"மாமா, எவ்வளவு கேட்டுச்சு?"

"என்ன எவ்வளவு?"

"மாமா."

அவர் தொண்டையைச் செருமினார். "கை நடுங்குதுங்கற வரைக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஹார்ன்தாம்மா கேட்டுச்சு. சத்தியமா."

அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

"சுவிட்ச் ஆபீஸுக்குள்ள இருக்கு. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் போய் அணைக்கறதுக்குள்ள எல்லாருக்கும் கேட்டிருக்கும். அடுத்த கிளாஸுக்கு வந்தவங்க அஞ்சு பேர் ஷெட்ல நின்னாங்க. மைக்ல கத்தலாம்னா தொண்டை வரல. கைக்கு எட்டினது ஹார்ன்தான். அந்தச் சத்தம் உனக்கு ஆகாதுங்கறது நீ ஓடிவந்து நின்னப்பதான் உறைச்சுது. உன் முகத்தைப் பாத்தப்புறம் சாப்பாடே இறங்கல. தப்பா எடுத்துக்காதம்மா."

"நீங்க எதுக்கு மாமா இப்படிச் சொல்றீங்க? நான்தான் உங்ககிட்ட கத்திட்டேன்." அவள் விசும்பினாள். "ரொம்ப நன்றி மாமா. ரொம்ப ரொம்ப நன்றி."

"அட, விடும்மா. ஹார்ன் அடிச்சதுக்கு எவனும் எனக்கு நன்றி சொன்னதில்ல. பஸ்ல போறப்ப திட்டத்தான் செஞ்சிருக்கான்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதே மூச்சில், மூன்று மாதமாக அடைத்துக் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"என் சீட்டை எடுத்துடுவீங்களா?"

"உன் சீட்டை எடுத்து நான் எங்க கொண்டு வெக்கறது? ஆனா ஒண்ணு. நடுங்கற கையோட ரோட்டுக்கும் போகாத. எப்ப போகலாம்னு நீயும் அந்தம்மாவும் பேசி முடிவு பண்ணுங்க. நான் கேக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நீ சாப்பாட்டுக்கு வர்றதில்லன்னு தெரியும்; அந்த நேரம் ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிப் போட்டுடறேன். ஹாஃப் கிளட்ச் இல்ல, அவ அம்மாவே வந்தாலும் சரி."

"நாளைக்கு ரோடு கிளாஸை நீங்க எடுங்க மாமா. கை நடுங்குது எனக்கு. மைதானத்தை நான் பாத்துக்கறேன்."

தலைவலி இல்லை, கால்வலி இல்லை. மூன்று மாதத்தில் அவள் சொன்ன முதல் நிஜக் காரணம் அது.

"சரிம்மா," என்றார் மாஸ்டர். "என் புள்ளகிட்ட நான் சொல்ல மாட்டேன். இது உன் விஷயம். உனக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லு."

சரியாக நாலு மணிக்கு மேடம் டயர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒயர் வைத்த பழைய இயர்போனைச் செருகினாள். 'மாஸ்டர் தொண்டை'யைப் போனிலிருந்து நீக்கினாள். ஆலோசகர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"என் தப்பும் இருக்குங்க. காதுல மாட்டியிருக்கீங்களான்னு கேட்டேன். வேற எதோடயாவது போன் இணைஞ்சிருக்கான்னு கேக்கல. இனிமே அதையும் கேப்பேன். மன்னிச்சுக்கோங்க."

"இன்னிக்கு எல்லாரும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. எனக்குக் கூச்சமா இருக்குங்க." மேடம் சிரித்தாள். "அந்த நம்பரை மாத்தணும்ங்க."

"சொல்லுங்க. யாரோடது?"

"என் மாமனாரோட சொந்த நம்பர்."

"அவருக்கு விஷயம் தெரியுமா?"

"எவ்வளவு தெரியணுமோ அவ்வளவு தெரியும்ங்க. மிச்சத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டாரு."

வெளியே வந்தபோது மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. மேஜை போனில் டிஸ்ப்ளே கிடையாது. ஆலோசகர் நம்பர் சொல்லவும் இல்லை. பெண்டாட்டி நம்பரையே பார்த்துப் பார்த்து அழுத்துகிறவன், அந்த நம்பரை மட்டும் எப்படி மனப்பாடமாக அழுத்தினான்?

என் போனைத் தோண்டிப் பார்த்திருக்கிறானோ என்று சுருக்கென்றது. அதற்குள் கண்ணில் வேன் பட்டது. சுவர் ஓரமாக ஸ்கூல் வேன். லைசென்ஸ் ஆபீஸுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் அதற்குள்தான் இருந்தான். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. காதில் ஒயர். சாவி டேஷ்போர்டின் மேல்.

சாவியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எந்தக் குரல் அதை அங்கே வைக்கச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த நம்பர் ஆலோசனை மையத்தின் பொது நம்பர். அங்கே எத்தனையோ ஆலோசகர்கள். அதில் யாரோ ஒருவரிடம் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். பத்திரமா இருக்காங்களா என்று மட்டும் கேட்டு, வேறெதுவும் சொல்லாமல் வைக்கிற போன் எங்கிருந்து வரும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அலறுகிற ஹார்னை நோக்கி ஓடிவந்தவன், உள்ளே யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று தெரியாமலே ஒயரை அறுத்தவன். உனக்கு எப்படி இருக்கிறது என்று இந்த மூன்று மாதத்தில் அவனை யாரும் கேட்கவில்லை. அவளும்தான்.

பாரம் சார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததை அவன் பார்க்கவில்லை போலும், குரல் லேசாக வெளியே கசிந்தது.

"பாரம் சார்! இதுல ஒரு கையெழுத்து!" கையில் காகிதத்தோடு ஹாஃப் கிளட்ச் வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

மேடம் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வண்டியின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஹார்னை அழுத்தினாள்.

அலறியது. கை நடுங்கியது. எடுக்கவில்லை.

மூன்று பேரும் திரும்பினார்கள். கம்பத்திலிருந்து மாஸ்டரின் கரகரத்த குரல் வந்தது. "யாரும்மா அது ஹார்ன்ல?"

"நான்தான் மாமா! சரியா அடிக்குதான்னு பாக்கறேன்!"

மாஸ்டர் வேனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் மைக்கில், "கையெழுத்து வேணும்கறவங்க எல்லாரும் என்கிட்ட வாங்க" என்றார்.

வேனுக்குள் பாரம் சார் தலையை நிமிர்த்தினான். இந்தச் சத்தம் அவனுக்கும் ஆகாதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரக் கண்ணோடு சுற்றிலும் தேடினான். கண்ணாடி வழியாக அவளைக் கண்டுபிடித்தான்.

மேடம் ஹார்னிலிருந்து கையை எடுத்தாள். அவன் பார்க்கும்படியாக, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவன் அவளையே பார்த்தான். அப்புறம் அந்த ஒரு விரற்கடைக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தான்.